சாம்பியன் பந்தின் துளைகள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே நடந்த கூத்தைச் சிரிக்கத்தான் எழுதுகிறேன். கட்டைகளை உருட்டித் தள்ளும் பௌலிங் பந்தில் நான் துளைபோடும் வேலை தெரியுமே; அந்த விரல் துளை, உள்ளே இருக்கும் எடைக்கட்டிக்கு எவ்வளவு தள்ளி விழுகிறதோ, அதைப் பொறுத்தே பந்து வளையும். ஆளுக்கு ஆள் வீசும் விதம் வேறு. வீசவிட்டுப் பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

போன வாரம் கடைக்கு வந்த ஒருவர் யாரோ ஒரு சாம்பியனின் பந்துப் படத்தைக் காட்டி, துளைகளை அச்சு அசலாக அதேபோல் போடக் கேட்டார். "முதல்ல வீசிக் காட்டுங்க சார்" என்றேன்.

"கேட்டதப் போட்டுக் குடுப்பா, பாடம் எடுக்காத" என்றார் முதலாளி.

போட்டேன். பந்து துளைகள் மேலேயே உருண்டு, டக் டக்கென்று தட்டிக்கொண்டு ஓரப் பள்ளத்தில் விழுந்தது.

"இவனுக்கு அளக்கவே தெரியாது சார்" என்றார் முதலாளி, அத்தனை பேர் முன்னால். சீ என்றாகிவிட்டது.

துளைகளை அடைத்துக் காயவைத்து, வாடிக்கையாளரை வேறு பந்தை வீசச் சொல்லிப் பார்த்து, நேற்று மறுபடி போட்டேன். பந்து அழகாக வளைந்தது. "பாத்தீங்களா, நான் சொன்ன மாதிரியே போட்டிருக்கான்!" என்று அவரிடம் சொல்கிறார் அதே முதலாளி. காறித் துப்பியிருப்பேன், தரையைத் துடைப்பதும் நான்தான் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

தோள் லேசாகப் பிடித்திருக்கிறது, பயப்படாதே, தைலம் அனுப்பு. அப்படியே பாப்பாவின் கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. கண்டவன் கையையெல்லாம் விரல் விரலாக அளக்கிறேன். அவள் கை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

முதலாளி கத்துகிறார், போகிறேன்.

பாப்பாவின் அப்பா