உன் பெயரில் நான் சொன்ன பொய்

என் அருமை மாப்பிள்ளை நாகராஜுக்கு,

நான் அமெரிக்கா போய் வந்தேன் என்றால் நம்புவாயா? கிருஷ்ணகிரி மண்டியில் மாம்பழ சீசன் முடிந்த கையோடு கிளம்பி, மிச்சிகன் பக்கம் ஒரு பட்டிக்காட்டில் மூன்று வாரம் இருந்தேன். வேறு யார் வீட்டில்? நம் சந்துரு வீட்டில்தான். உடனே எழுந்து போய்விடாதே, முழுசாகக் கேள்.

பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பேரும் ஒன்றாகத் திரிந்தவர்கள். ஓசூர் கம்பெனியில் இருந்த சந்துரு அங்கே போய்க் குடியேறினான். உன் மகள் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. தாலி கட்டும்வரை நீ மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம் அவன் போனை நீ எடுக்கவே இல்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நான் போனை நீட்டியபோதும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாய். அந்தக் கோபத்தோடேயே போய்விட்டாயே என்பதுதான் எனக்கு உறுத்தல்.

ஊர் எப்படி என்று கேட்பாய். கண்ணுக்கு எட்டியவரை மக்காச்சோளம். எதிரே வரும் வண்டிக்காரர் ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குகிறார்.

"நிறுத்துடா, ஏதோ கேக்கறாரு" என்றேன், கார் ஓட்டிய சந்துருவிடம்.

"டேய் பஷீரு, அது வணக்கம்டா. தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாருக்கும் சொல்லுவாங்க."

ஓசூர் ரோட்டில் இதை ஆரம்பித்தால் நாம் வீடு போய்ச் சேர மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஊர்ச் சாப்பாடு. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டும். நான் ராகிக் களி கிண்டி, கொள்ளுக் குழம்பு வைத்து எடுத்துப்போனேன். பக்கத்து வீட்டு லிண்டா அம்மா களியை மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். "மெல்லாதீங்கம்மா, முழுங்குங்க!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். சந்துரு சொல்லிக்கொடுக்க, முழுங்கிப் பார்த்து இன்னொரு உருண்டை கேட்டார்.

மறுநாள் டேல் என்ற பெரியவரின் பீச் தோட்டத்துக்குப் போனோம். பழத்தைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. பத்துப் பெட்டி எடுத்தால் விலை குறைக்க மாட்டாரா? பழக்கதோஷம், தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்து அழுத்தினேன். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக் கூடாதென்று நாம் மண்டியில் விரலாலேயே பேரம் பேசுகிற மாதிரியே. மனுஷன் முகம் சிவந்துபோய்த் தன் சம்சாரத்தைப் பார்த்தார்!

சந்துரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டேலுக்கு விளக்கிச் சொன்ன பிறகும் சிரித்தான். அப்புறம் அதே துண்டுக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்தான். "பள்ளிக்கூட லீவுல மண்டிக்கு வந்து நாகராஜோட இததான்டா விளையாடுவேன்" என்றான். சிரிப்பு அழுகையாகிவிட்டது.

கல்யாண சமயத்தில் அவனுக்கு வேலை போயிருந்ததாம். வேலை இல்லாமல் ஊருக்கு வந்தால் விசா போய், திரும்ப அமெரிக்காவுக்குள் விடமாட்டார்களாம். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை, மடையன்.

"கடைசியா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னானாடா?" என்றான்.

நான் என்ன சொல்ல, மாப்பிள்ளை? "உம்மேல கோவம் இல்லேன்னு சொல்லச் சொன்னான்" என்றேன்.

உன்னைக் கேட்காமல் உன் பெயரில் சொன்ன பொய். அவன் நிலைமை தெரிந்திருந்தால் நீயே சொல்லியிருப்பாயோ? உன் பிடிவாதத்துக்கு, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு அவன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக உன் மனைவி ருக்மணியிடம் போய் ஒப்புக்கொண்டேன். "அவரு சொல்லாம விட்டத நீங்க சொல்லிட்டீங்க, அவ்ளோதாண்ணா. சந்துரு அண்ணன சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

வைகாசியில் சந்துரு வருகிறான். உன் வீட்டிலேயே உட்காரவைத்து உண்மையை என் வாயால் சொல்லிவிடுவேன், இது வாக்கு. அதற்குள் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்து அவனுக்கு அனுப்பினால் அனுப்பட்டும். கோபம் மிச்சமிருந்தால் என்மேல் வைத்துக்கொள், எனக்கு அது பழகியதுதான். அவனை மட்டும் விட்டுவிடு, மாப்பிள்ளை.

உன் திட்டுக்கு ஏங்கும் உன் மாமன்,
பஷீர்