அப்பாவுக்காக

2006 கார்த்திகை 9, வியாழன்

இவர் இறந்து ஏழு மாதமாகிறது. மகள் இன்றுவரை அப்பா என்ற சொல்லை வாயில் எடுத்திருக்கவில்லை. இன்று நான் ஷிப்ட் முடிந்து வந்து புட்டு அவிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, அமெரிக்காவில நவஹோ எண்ட பழங்குடிப் பிள்ளையளுக்குத் தங்களை எப்பிடிச் சொல்லுறதெண்டு பள்ளிக்கூடத்திலயே படிப்பிக்கினமாம். முதல் அம்மான்ர ஆக்களைச் சொல்லவேணும். பிறகு, அப்பாவுக்காகப் பிறந்தனான் எண்டு சொல்லவேணும். நாளைக்கு எங்கட வகுப்பிலயும் அப்பிடித்தான்."

அவள் வாயிலிருந்து அப்பா என்ற சொல்லைக் கேட்டதும் அடுப்பை அணைத்தேன். "அப்பாவுக்காக இல்லையடி, அப்பாவுக்குப் பிறந்தனான்" என்றேன்.

"இல்லை, 'காக'தான். இங்கிலீசில 'born for' எண்டுதான் மிஸ் சொன்னவ. உங்களுக்கு இங்கிலீசும் தெரியாது, நவஹோவும் தெரியாது."

பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று, இவருடைய முழுப் பெயரோடு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். பிழையான தமிழ்தான். நான் திருத்தவில்லை.