வீட்டுக்கெல்லாம் ஒரே குழம்பு

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் நலம். நீ நலமா என்று வழக்கம்போலக் கேட்க மாட்டேன், நலமில்லை என்று தெரிந்துதான் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலை செய்யும் இடத்தில் நீ மயங்கி விழுந்ததையும் பிரஷர் எக்கச்சக்கமாக இருந்ததையும் மருமகள் போனில் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. அப்பாகிட்ட மூச்சு விடாதே என்று நீ சொல்லியிருந்தாயாம், பாவம், அவள் வேறு யாரிடம் போய் அழுவாள். போனில் பேசினால் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நீ அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கிட்னி கெட்டுக்கொண்டு வருகிறது, உப்பைக் குறைக்காவிட்டால் ரொம்ப நாள் தாங்காது என்றார் டாக்டர். எனக்காக நீங்கள்லாம் ஏன் வாய் செத்துச் சாப்பிடணும் என்று அவள் தனக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் இருந்தாள். ஒருநாள் நான் கேன்டீன் சமையலை முடித்துச் சீக்கிரம் வந்தால், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று நம் சட்டியின் அடியில் ஒட்டியிருந்த குழம்பை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்துவிட்டது. மற்றவர்கள் ருசியாகச் சாப்பிடும் வீட்டில் ஒருத்தி மட்டும் எத்தனை நாளைக்கு மனசைக் கட்டிப்போட முடியும், நீயே சொல். மறுநாளே சின்னச் சட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். எல்லாருக்கும் ஒரே குழம்பு, அவளுக்கு எவ்வளவு உப்போ அவ்வளவுதான். இதென்ன வெந்நீரா என்று தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினாய், ஞாபகம் இருக்கிறதா? கத்திக் கத்தி, பிறகு கத்த மறந்தே போனாய்.

சமையல்காரனுக்கு நாக்குதான் பிழைப்பு. வீட்டுச் சாப்பாடு பழகிப்போய், கேன்டீனில் எதை வாயில் வைத்தாலும் எனக்குக் கரித்தது. நான் ருசி பார்த்து இறக்கிய குழம்பை ஒருநாள் தொழிலாளிகள் அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள், அன்றிலிருந்து உப்புப் பார்க்கிற வேலை உதவிச் சமையல்காரருக்கு. அம்மா போன பிறகு அவர் சொன்னார், இனிமே யாருக்காக மாஸ்டர், நல்லா உப்புப் போட்டுச் சாப்பிடுங்க, நாக்கு தானா திரும்பிடும் என்று. நல்ல மனசோடுதான் சொன்னார். சித்தி வந்து சமைத்துப் போட்ட அன்று ஒரு வாய் வைத்தேன், தொண்டைக்குள் இறங்கவில்லை. உப்பு கூடிடுச்சா அத்தான் என்று பதறிவிட்டாள். அவள் மேல் தப்பே இல்லை, சரியான உப்புதான். எனக்கு அந்தப் பழைய நாக்கு திரும்பவே வேண்டாம் தம்பி. அவளோடு வாழ்ந்ததில் என் உடம்பில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

அப்படி இருந்தும் அம்மா போய்விட்டாளே என்பாய். போய்விட்டாள்தான். ஆனால் தாங்காது என்று சொன்ன உடம்பு உன் கல்யாணத்தைப் பார்த்தது, பேத்தியைத் தூக்கிக் கொஞ்சியது. மருமகள் உனக்கு மட்டும் உப்புக் குறைத்துத் தனி டப்பா கட்டித் தருகிறாளாம், பெருமையாகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல். அவளும் குழந்தையும் அதையே சாப்பிடட்டும். நோயாளிச் சாப்பாடு என்று பேர் வைத்தால் நீ நாலு நாளில் வெளிக்கடைக்கு ஓடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா.

நீயும் மருமகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மாத்திரையை நிறுத்தாதே. பிரஷர் எவ்வளவு என்று இனி நீயே உன் வாயால் சொல்லு, மறைக்காதே. உன் அம்மாவின் கண்ணை மூடிவிட்டவன் நான். என் கண்ணை மூடிவிட வேண்டியவன் நீ. இந்த வரிசை மட்டும் மாறிவிடக் கூடாதடா, அப்பாவால் தாங்க முடியாது.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா