நொண்டும் அலை

மார்ச் 4

பெட்டியைப் பிரிப்பவருக்கு,

வணக்கம். பக்கத்து அறையில் நலமாக இருக்கிறீர்கள் என்று தெரியும், இருமல் கேட்கிறது. நானும் நலம். கோபம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

நேற்று பாத்திரம் துலக்கும்போது பின்னால் வந்து நின்று, "அந்த மெமரி விஷயம் பார்த்தியா?" என்று ஆரம்பித்தீர்களே, அறிவிருக்கிறதா? மின் அலையைத் திரையில் காட்டும் இந்தப் பழைய அலைகாட்டிப் பெட்டிக்குப் புது நிரல் எழுதும் நம் குழுவுக்கு இருப்பதே ஒரு சட்டம்தான். கம்பெனிக்காரன் நிரலைப் பிரித்துப் பார்ப்பவர் ஒருவர், புது நிரலை எழுதுபவர் வேறொருவர். பார்த்தவர் எழுதக் கூடாது, எழுதுபவர் பார்க்கக் கூடாது. நடுவில் தேதி போட்ட காகிதம் மட்டும். நாளைக்கு அவன், "என்னுடையதைத் திருடிவிட்டார்கள்" என்று கேஸ் போட்டால் இந்தக் காகிதங்கள்தான் சாட்சி. புருஷன் பெண்டாட்டி என்று கோர்ட்டில் சலுகை கிடையாது. வீட்டு வாடகை பேசுங்கள், உங்கள் அம்மாவின் மாத்திரையைப் பற்றிப் பேசுங்கள். பெட்டியைப் பற்றி மூச்சு விடாதீர்கள். அத்தை வேறு, "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு என்னம்மா கடுதாசி? டைவர்ஸ் கேஸா?" என்று கேட்கிறார்.

இப்போது நல்ல சேதி. பெட்டியை வைக்கும் ஒவ்வொரு அளவிலும் அதற்குள் இருக்கும் சில்லு, அதாவது சிப், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று நீங்கள் அளந்து கொடுத்த எட்டு எண்களைப் போட்டேன். மழைக்காலத்திலிருந்து ஓடிக்கொண்டே இருந்த அலை, திரையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. "இனி இது புது கம்ப்யூட்டரில் ஓடாது, வேறு வாங்கு" என்று கம்பெனிக்காரன் கைகழுவிய அலைகாட்டி, நம் மேசையில் உயிரோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நிரலை எல்லோருக்கும் வெளியிடுகிறேன், என் பெயரில். நாள் முழுக்க யாரோ செய்த லிஃப்ட் போர்டுகளைப் பழுதுபார்க்கிறவள் நான். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நானே செய்தது என்று சொல்ல எனக்கு இருப்பது இது ஒன்றுதான்.

எழுதுபவள்

மார்ச் 5

அன்புள்ள எழுதுபவளுக்கு,

ஒரு பக்கம் திட்டு, அதற்குள் ஒரு நன்றிகூட இல்லை. அச்சகத்தில் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவன் வீட்டிலும் திட்டு வாங்க வேண்டும் என்று ஜாதகத்தில் எழுதியிருக்கிறது போல.

அலை நின்றதில் எனக்கும் சந்தோஷம். எண்களை அப்படியே விட்டுவிடு, துருவிக்கொண்டிருக்காதே. ஞாயிறுக்குள் எதையாவது கிளறிக் கெடுத்துக்கொள்ளாதே. வேலை மும்முரத்தில் சாப்பிடாமல் படுத்துவிடாதே.

உன் பிரிப்பவன்

மார்ச் 10

பிரிப்பவருக்கு,

நேற்று வெளியிட்டேன். இன்று காலை முதல் ஆளாக வெல்டர் எழுதியிருக்கிறார். நம் குழுவில் பட்டறை வைத்திருக்கிறாரே, அவர்தான். "தங்கச்சி, எல்லாம் ஜோர். ஆனா அந்தப் பழைய நொண்டி அப்படியே இருக்கே, அதையும் பத்திரமா எடுத்து வெச்சிட்டியா?"

குழுவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தாவது அளவில் வைத்தால் அலை ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும். கம்பெனிக்காரன் கடைசிவரை சரிசெய்யாத பிழை. அவன் நிரலை நான் கண்ணால் பார்த்ததில்லை. அவன் பிழை என் நிரலுக்குள் எந்த வழியாக வந்தது?

கடைக்கு லீவு சொல்லிவிட்டுச் சில்லை நானே அளந்தேன். ஏழு எண்கள் சரி. ஐந்தாவது எண் 84 என்று வருகிறது. உங்கள் காகிதத்தில் 48. கம்பெனி ஆள் தட்டும்போது மாற்றித் தட்டியிருக்கிறான். சில்லை அளக்கிறவனுக்கு 48 கிடைக்கவே கிடைக்காது. அவன் நிரலிலிருந்து எடுத்தவனுக்குத்தான் கிடைக்கும்.

அளந்தீர்களா, எடுத்தீர்களா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

எழுதுபவள்

மார்ச் 10, மாலை

எடுத்தேன். போதுமா?

கூண்டில் ஏற்றிக் கேட்காதே. மழைக்காலம் முழுக்க அந்தத் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கேட்டால் எரிந்து விழுந்தாய். எனக்கு அளக்க நேரம் கிடைக்கவில்லை. இனிமேல் உன்னால் முடியாது என்று பட்டது. பாவமாக இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். எட்டே எட்டு எண். கதையா, காவியமா? எண்ணுக்கு யாரடி சொந்தக்காரன்?

48ஐ 84 ஆக்கு. வெல்டரிடம் கை தவறிவிட்டது என்று சொல். நாம் இரண்டு பேரும் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 11

பாவமாக இருந்ததா? என்னைப் பார்த்தா?

எனக்குத் தெரியப்போகிறதே, அது உங்கள் கணக்கில் வரவில்லையா? நேற்று ஒரே மதியத்தில் எட்டையும் அளந்தேன். சில்லை அளக்க எனக்கு எந்தத் தடையும் இல்லை. "எனக்கு நேரமில்லை, நீயே அள" என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்துபோயிருக்கும். அந்த ஒரு வரி எழுத உங்களுக்கு மனசு வரவில்லை. அதைவிட, பெண்டாட்டிக்குத் திருட்டுச் சரக்கைக் கொடுத்து, "நீயேதான் செய்தாய்" என்று காதில் பூ சுற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது. நானும் தலையை ஆட்டிக்கொண்டு ஊரெல்லாம் சொன்னேன். நினைத்தால் உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

குழுவுக்குச் சொல்லிவிட்டேன். வெளியிட்டதைத் திரும்ப எடுத்தாயிற்று. அவன் எண்கள் என் தலைக்குள் வந்துவிட்டன, அதனால் நான் இனி ஒரு வரிகூட எழுதக் கூடாது. எழுதியதும் போயிற்று. எப்போதும் படங்களைத் தலைகீழாகவே அனுப்புவானே, குழுவில் "தலைகீழ்" என்று கூப்பிடுகிற பையன், அவன் நான் புதிதாக அளந்ததை வைத்துக்கொண்டு முதலிலிருந்து எழுதப்போகிறான். நல்லவன், எழுதிவிடுவான். என் பெயர் இருக்காது.

"எங்கள் வீட்டில் நடந்த தப்பு" என்று குழுவுக்கு எழுதினேன். "எங்கள்" என்று எழுதும்போது கை கூசியது.

மார்ச் 13

அன்புள்ள உனக்கு,

கூப்பிட்டால் திரும்புவதில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாய். காரணமே தெரியாமல் அம்மா என்னைத் திட்டித் தீர்க்கிறார்.

நேற்று நானும் குழுவுக்கு எழுதினேன். எடுத்தது நான், அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவள் வேலையில் ஒரு அழுக்கும் இல்லை என்று. படித்திருப்பாய். ஆனால் உன் பெயரைத் திரும்பப் போட முடியாது என்கிறார்கள். சட்டம் சட்டம்தானாம். எனக்கும் ஆத்திரமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நான் என்னதான் செய்ய வேண்டும்? அதையாவது எழுதித் தொலை.

உன் பிரிப்பவன்

மார்ச் 14

படித்தேன். குழுவுக்கு நீங்கள் எழுதியதையும் படித்தேன். நல்ல காரியம்தான். அதனால் என் கோபம் ஒரு பிடிகூடக் குறையவில்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

தலைகீழ் என்னையும் பிரிப்பவர்கள் பக்கம் சேர்த்துவிட்டான். இனி நானும் பார்த்தவள், நீங்களும் பார்த்தவர். பார்த்தவர்கள் இரண்டு பேர் பேசிக்கொள்ளச் சட்டத்தில் தடையில்லை. அதனால் இதுதான் கடைசிக் காகிதம்.

எழுதித் தொலை என்கிறீர்கள். மாட்டேன். தேதி போட்டு, மரியாதையாக "நீங்கள்" போட்டு, எனக்குத் திட்டவே வரவில்லை. அத்தையை மாடி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலைச் சாத்திவிட்டு வாருங்கள். "உன்னால் முடியாது" என்று எழுதினீர்களே, அதை என் முகத்தைப் பார்த்து, உங்கள் வாயால் சொல்லுங்கள்.

அப்புறம் நான் பேசுகிறேன். நடுவில் எழுந்து போகக் கூடாது.

நான்தான்