சிவப்புப் பூச் சீட்டி

சேசு மரி சூசை
ராயபுரம்
8 ஆகஸ்டு 1926

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரர் லூர்து அவர்களுக்கு, தேவப்பிரியம் வணக்கமாக எழுதியது. இங்கே நானும் ஓட்டின் மேல் குடியிருக்கும் காக்கைகளும் சுகம். உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் குறைவில்லை என்று எழுதினால் மனம் ஆறும்.

அம்மா இறந்து நேற்றோடு ஒரு வருஷம். கோவிலில் பூசை வைத்தேன். அம்மாவைத் தனியே விட்டு நான் ரங்கூன் வர முடியாது என்று அப்போது பேசிக்கொண்டோம். நீங்கள் கப்பலேறி நாலு வருஷமாகிறது. பகலெல்லாம் கன்னியர் மடத்தில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பூ தைக்கிறேன். வீட்டுக்கு வந்தால் வெள்ளைச் சுவர். ரங்கூன் கப்பல் ஊதும்போது இன்ன கிழமை என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

உங்களிடம் இதுவரை ஒன்றும் வாய்விட்டுக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். எனக்கு ஒரு சீட்டு அனுப்பி வையுங்கள். இந்த வெறும் சுவரை இனிப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மனைவி,
தேவப்பிரியம்


ரங்கூன்
2 செப்டம்பர் 1926

பிரியமுள்ள பிரியத்துக்கு,

கல்யாணமான நாளிலிருந்து இது வேண்டும் என்று நீ கேட்டதேயில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தெருவில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். அதுவும் என் தொழிலைச் சேர்ந்ததாகவே கேட்டிருக்கிறாய். துரைமார் வீட்டுச் சுவர்களில் துணியும் பூக்காகிதமும் ஒட்டுகிற எனக்கு, சொந்த வீட்டுச் சுவர் இத்தனை நாள் நினைவுக்கு வரவில்லை பார்.

கேட்டதற்கு மேலேயே அனுப்புகிறேன். சீட்டித் துணியில் ஒரு முழுத் தான், வெட்டாத கட்டு. சிவப்புத் தரை, தட்டு அகலத்துக்குப் பூ, நடுநடுவே பச்சைக் கிளி. இனி வெறும் சுவர் என்று எழுதாதே.

உன்,
லூர்து


ராயபுரம்
26 செப்டம்பர் 1926

வீட்டுக்காரர் அவர்களுக்கு,

பார்சல் வந்தது. பூப்போட்ட சீட்டித் துணி, சாயமும் கெட்டி. நான் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. உங்கள் மனம் எனக்குப் புரிந்தது. இனிக் கேட்கமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தேவப்பிரியம்


ரங்கூன்
20 அக்டோபர் 1926

பிரியத்துக்கு,

நாலே வரியில் கடிதம் எழுத எங்கே கற்றுக்கொண்டாய்? கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்கிறாயே, பூ பெரிதாகிவிட்டதா? பெண்களுக்குச் சின்னப் பூதான் பிடிக்கும் என்று என் அறைவாசி, பேசின் பிரிட்ஜ் குணசேகரன் சொல்கிறான். என்னைக் கேட்டால் அவனுக்குப் பெண்களையும் தெரியாது, பூவையும் தெரியாது.

இருந்தாலும் சமாதானத்துக்கு, ஒரு பங்களாவில் ஒட்டி மிஞ்சிய காகிதச் சுருள் பன்னிரண்டு அனுப்புகிறேன். அதிலும் கிளிதான். மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்துகொள், பூச்சி வராது. சுண்ணாம்பைச் சுரண்டாமல் ஒட்டினால் கடல் ஈரத்துக்கு ஒரே மாதத்தில் உரிந்துவிடும்.

லூர்து


ராயபுரம்
12 டிசம்பர் 1926

வீட்டுக்காரர் அவர்களுக்கு,

பூ பெரிதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. இருக்கட்டும்.

முதல் ஆணியைக் கோபத்தில்தான் அடித்தேன். மெல்லிய மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி வாசல் அறையை மூடினேன். மூன்று நாள் அடித்தேன். நாலாம் நாள் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, பூக்கள் இருந்தன. மீதித் துணியில் படுதா, தலையணை உறை, அரிசிப் பானைக்குக்கூட ஒரு பாவாடை.

காகிதம் ஒட்டும்போது பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா ஏணி பிடித்தாள். மேல் கீழ் பார்க்காமல் இரண்டு பட்டை ஒட்டிவிட்டோம். கிளிகளெல்லாம் தலைகீழ். கிழிக்கப் போனேன். "வுடு பிரியம், கிளி அப்படித்தானே தொங்கிகினு கீது" என்றாள். விட்டுவிட்டேன்.

மீன்காரி சிலுவையம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, வூட்டுக்குள்ள காடு மொளச்சிகீது" என்றாள். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் அரை மணி நேரம் கிளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மீன் விற்கிற நினைப்பே இல்லை.

மத்தியானம் கடல்காற்று எழுந்தால் படுதா வயிறு புடைக்கிறது. பூவெல்லாம் அசைகிறது. நான் படுத்திருக்கும் பாய் மெல்ல நகர்கிற மாதிரி இருக்கிறது. எங்கே போகிறது என்று நான் கேட்பதில்லை. கண்ணை மூடினாலும் இமைக்குள் சிவப்பு. சில நாள் கிளிகள் என் பேரைச் சொல்கின்றன, விழித்துப் பார்த்தால் துறைமுகத்து ரயில் கூவிக்கொண்டிருக்கிறது. ரங்கூன் கப்பல் ஊதினால் இப்போதெல்லாம் நான் எழுந்திருப்பதில்லை.

தேவப்பிரியம்


ரங்கூன்
6 ஜனவரி 1927

என் பிரியம்,

மூன்று நாளாய்க் காய்ச்சல். படுத்தபடி உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆகஸ்டு மாதத்துக் கடிதத்தைப் பெருமைக்காகக் குணசேகரனிடம் நீட்டி, என் மனைவி இத்தனை வருஷத்தில் கேட்டது ஒரு சீட்டித் துணிதான் என்றேன். அவன் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். "இன்னா நைனா, கண்ணு தெரியலியா? சீட்டி இல்ல இது, சீட்டு. கப்பல் சீட்டு கேட்டுகீது அந்தப் பொண்ணு" என்றான்.

சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். 'டு' எழுதும்போது உன் சுழி மேலே ஏறிவிடுகிறது. நானோ நாள் முழுக்கச் சீட்டித் துணியிலேயே புரள்கிறவன், அப்படியே படித்துவிட்டேன். ஐந்து மாதம், பிரியம். நீ என்னிடம் வரக் கேட்டாய், நான் துணி அனுப்பினேன். வீட்டை நீ அலங்கரிப்பதைப் படித்து, அங்கேயே இருக்கத்தான் உனக்கு ஆசை என்று நினைத்தேன். நமக்கென்று பார்த்து வைத்திருந்த தனி அறையையும் விட்டுவிட்டேன். எழுதவே வெட்கமாயிருக்கிறது.

இத்துடன் சீட்டு வைத்திருக்கிறேன். அறை வேறு பார்க்கிறேன். உடனே புறப்படு.

உன்,
லூர்து


ராயபுரம்
30 ஜனவரி 1927

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு ரஹீமுன்னிசாவிடம் சொல்லி மறுபடி சிரித்தேன். உங்கள் மேல் எனக்கு இருந்த வருத்தம் போய்விட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எனக்கு வர மனமில்லை. சீட்டைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

நான் கேட்டபோதே சீட்டு வந்திருந்தால் கட்டிய சேலையோடு ஓடி வந்திருப்பேன். அப்போது விட்டு வருவதற்கு இங்கே ஒன்றும் இல்லை. இப்போது காலையில் படுதாவை விலக்கும்போது, இது என் வீடு என்று தோன்றுகிறது. அம்மா வீடு இல்லை, உங்கள் வீடும் இல்லை. ஒரு மனைவி இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. சாமியாரைக் கேட்டால் கூடாது என்பார், அதனால் கேட்கவில்லை.

நீங்கள் இல்லாமல் இருக்க எனக்கு ஆசையில்லை. இல்லாமலே பழகிவிடுவேனோ என்றுதான் பயமாயிருக்கிறது.

தேவப்பிரியம்


ரங்கூன்
24 பிப்ரவரி 1927

பிரியத்துக்கு,

'வர மனமில்லை' என்ற வரியைப் பகலில் படித்தேன், விளக்கிலும் படித்தேன். இதையும் தப்பாகப் படித்திருக்கக் கூடாதா என்று பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத்தான் இருக்கிறது.

இரண்டு நாள் கோபம் அடங்கவில்லை. கட்டின பெண்டாட்டி கூப்பிட்டால் வர வேண்டாமா என்று குணசேகரனிடம் கத்தினேன். "அது வரேன்னு சொன்னப்போ நீ கூப்டியா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

எத்தனையோ வீட்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கிறேன். ஒட்டி முடித்த அறையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பசை வாளியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவோம். உன் வீட்டில் எனக்கு உட்கார இடம் தருவாயா?

மார்ச்சு 22ஆம் தேதிக் கப்பலுக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். பட்டணத்தில் எனக்கு ஏதாவது வேலை கிடைக்காமல் போகாது. 27ஆம் தேதி, ஞாயிறு காலை, ராயபுரம் வருவேன். நான் வருவது உனக்கு வேண்டாமென்றால் எண்ணூரில் அக்கா வீட்டுக்குப் போகிறேன், கோபித்துக்கொள்ளமாட்டேன். உன் பதில் வந்து சேர நாள் இருக்கிறது. எதுவானாலும் எழுது.

லூர்து


சேசு மரி சூசை
ராயபுரம்
7 மார்ச்சு 1927

அன்புள்ள உங்களுக்கு,

ஞாயிறு காலை கோவிலில் பூசை என்பது உங்களுக்குத் தெரியும். இது தபசுக் காலம் வேறு. புத்தி தெரிந்த நாளிலிருந்து, காய்ச்சலில் கிடந்தபோது தவிர, நான் ஒரு ஞாயிறும் பூசையைத் தவறவிட்டதில்லை.

27ஆம் தேதி நான் கோவிலுக்குப் போகமாட்டேன். வீட்டில் இருப்பேன்.

பிரியம்