அலமாரிக் காலடியில் இருக்கும் என் தகட்டுக்குச் சான்று கேட்டு

அனுப்புநர்:
செயற்கைக் கால் பட்டறை உரிமையாளர்,
மருத்துவமனைக்குப் பின்தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொருள் தரச் சோதனை அலுவலகம்.

பொருள்: வாழை நாரில் செய்த பாதத் தகடு முறியாததால் சான்று மறுக்கப்பட்டது குறித்து.

மதிப்புக்குரிய ஐயா,

1. வாழை மட்டையின் நாரைத் தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமன்கூட இல்லாத இழைகளாகப் பிரித்து, கூழாக்கி, நீரை வடித்து, அழுத்தி உலர்த்தினால் கெட்டியான தகடு கிடைக்கும். நானோசெல்லுலோஸ் என்பார்கள். அதில் என் தங்கையின் செயற்கைக் காலுக்குப் பாதத் தகடு செய்திருக்கிறேன். அவள் பள்ளி ஆசிரியை. நாளுக்கு ஐந்து மணி நேரம் நிற்பவள். இப்போதுள்ள உலோகத் தகட்டின் கனத்தால் இடுப்பு வலி வந்துவிட்டது. தங்கள் சான்று இருந்தால்தான் மருத்துவமனை புதியதைப் பொருத்தும். இம்மாதம் 18ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

2. நான்கு மாதங்களுக்கு முன் மாதிரித் தகடு ஒன்றைக் கொடுத்தேன். சோதனையாளர் இருநூறு கிலோ வரை ஏற்றினார். அதற்கு மேல் அலுவலகத்தில் எடைக்கல் இல்லை. தகடு முறியவில்லை. படிவத்தில் ‘முறிந்தபோது இருந்த எடை’ என்ற கட்டம் காலியாக இருந்ததால், விவரம் முழுமையில்லை என்று சென்ற மாதம் விண்ணப்பம் திரும்பி வந்தது.

3. நேரில் கேட்டேன். எழுத்தர் அண்ணன் அன்பானவர். “முறியாத பொருளுக்கு நான் என்னத்தம்மா எழுதுறது? அடுத்த தடவை கொஞ்சம் வலு கம்மியா செஞ்சு கொண்டாங்க” என்றார். வீட்டில் சொன்னேன். “அக்கா, உன் தகடு உடைஞ்சாதான் எனக்குக் கால் வரும்போல” என்றாள் தங்கை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், இடுப்பைப் பிடித்தபடி.

4. சென்ற திங்கட்கிழமை மாதிரியைத் திரும்பக் கேட்க வந்தபோது அதைக் கண்டேன். எழுத்தரின் கோப்பு அலமாரிக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் இருக்கிறது. சோதனை முடிந்த அன்றிலிருந்து அங்கேதான் என்றும், அலமாரி துளியும் ஆடுவதில்லை என்றும் அவரே பெருமையாகச் சொன்னார். தினமும் தரை துடைக்கும் தண்ணீர் அதன் மேல் படுகிறது. ஈரம் தாங்குமா என்பதுதான் எனக்கிருந்த ஒரே சந்தேகம். அதையும் தங்கள் அலுவலகமே தீர்த்து வைத்ததற்கு நன்றி.

5. ஆகவே, காலியான கட்டத்தில் ‘இருநூறு கிலோவிலும் முறியவில்லை, நான்கு மாதம் அலமாரியைத் தாங்கியும் முறியவில்லை’ என்று எழுதி, 18ஆம் தேதிக்குள் சான்று வழங்க வேண்டுகிறேன். மாதிரியை எடுத்தால் அலமாரி ஆடுமே என்று எழுத்தர் கவலைப்படுகிறார். அளவெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

இடம்: பட்டறை
நாள்: மார்ச் 5

தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பட்டறை உரிமையாளர்

இணைப்பு:
திரும்பி வந்த படிவம்.
மரக்கட்டை ஒன்று, அலமாரிக்கு.