மதிலுக்கு வெளியே ஒரு மெழுகுவர்த்தி

என் அன்பு அம்மாவுக்கு,

நீ போனபின் வந்த முதல் கல்லறைத் திருநாள் இது. உன் கல்லறையை நானே கழுவிச் சுண்ணாம்பு அடித்தேன், சாமந்தி வைத்தேன். சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, அந்த வசந்தா வந்து சேரும்வரை.

அவளை நீ மறந்திருக்க மாட்டாய். கிராமத்துப் பெண்களின் உடல்நலம், மனநலம் பற்றி ஆராய்ச்சி என்று யுனிவர்சிட்டியிலிருந்து வில்லியனூர் பஸ் பிடித்து வந்தவள். ஊரில் இத்தனை வீடு இருக்க, நம் வீட்டிலேயே பாய் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் தலையைக் கண்டாலே உன் முகத்தில் ஒரு களை. அவளுக்குக் "கண்ணு". எனக்கு?

"இன்னாடி வாயப் பாத்துக்கினு நிக்கிற? போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு!"

அந்த வருஷம் குடித்த தண்ணீரை அந்த மாடு ஜென்மத்தில் குடித்திருக்காது. தொழுவத்திலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் நீ அழுதுகொண்டிருந்தாய். அப்பா செத்தபோதுகூட என் முன்னால் அழாதவள் நீ. எனக்கு வயிறு எரிந்தது அம்மா. இப்போதும் எரிகிறது. சொல்வதற்கு என்ன வெட்கம்?

உன் கல்லறையில் அவள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். போகட்டும் என்று இருந்தேன். பிறகு இன்னொன்றை எடுத்துக்கொண்டு மதிலுக்கு வெளியே, கருவேல மரத்தடிக்கு நடந்தாள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களைப் புதைக்கிற இடம். எனக்கு நினைவு தெரிந்த நாளாய் நீயும் அங்கே ஒன்று கொளுத்துவாய். யாருக்கு என்றால், "நாதியத்த ஆத்துமாவுக்குடி" என்பாய்.

பின்னாலேயே போனேன். "இங்க உனக்கு இன்னா வேலை?"

"ஆஸ்பத்திரியில இருந்தப்ப அம்மா கேட்டுக்கிட்டாங்க அக்கா. அவங்க போனப்புறமும் இங்க வெளிச்சம் நின்னுடக் கூடாதுன்னு."

"யாருக்காம்?"

அவள் தயங்கினாள். "வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டுத்தான் கேள்வியே கேக்கறோம். என் முதல் கேள்வியை வேணா சொல்றேன். எல்லா வீட்லயும் கேக்கறதுதான். உங்களுக்கு எத்தனை பிரசவம்?"

அவ்வளவுதான் சொன்னாள். நான் அந்த மரத்தடியைத் திரும்பிப் பார்த்தேன்.

எனக்கு முன்னால் ஒன்று இருந்திருக்கிறது. அண்ணனா, அக்காவா? அவளுக்குத் தெரியும். கேட்டுவிட நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். என் கூடப்பிறந்ததைப் பற்றி அவளிடம் போய் நானா கேட்பது?

ஏனம்மா என்னிடம் சொல்லவில்லை? ஒரே பிள்ளை என்று நீ கொடுத்த செல்லத்தில் பங்குக்கு ஆள் வந்துவிட்டதென்று சண்டை போடுவேன் என்றா? போட்டிருப்பேன்தான். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். அப்புறம் அந்த மரத்தடியில் உன் பக்கத்தில் வந்து நின்றிருப்பேனே.

காற்றுக்கு அவள் மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது. பையில் தீப்பெட்டியைத் தேடினாள். என் கையில் இருந்ததை நான் அவளிடம் கொடுக்கவில்லை. நானே குனிந்து கொளுத்தினேன்.

இனி வருஷா வருஷம் அது என் வேலை. அவள் வரட்டும், நிற்கட்டும், வீட்டுக்கு வந்தால் காபியும் போட்டுத் தருகிறேன். தீக்குச்சி மட்டும் என் கையில்தான் இருக்கும். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

இத்தனை காலம் ஒரே பிள்ளை என்று இறுமாந்திருந்த,
உன் இரண்டாவது பிள்ளை,
செசிலி